ஒரே கட்டடத்தில் நான்கு கோஹேன்கள்: இவர்கள் எல்லோரும் உறவினர்களா?

இஸ்ரேலின் ஹைஃபா நகரில் முதியவர் ஒருவரைப் பராமரிக்கும் பணியில் இருக்கும் இலங்கை வாசகி ஒருவர் கேட்டிருப்பது இது: "நான் கவனித்துக்கொள்ளும் ஐயாவின் குடும்பப்பெயர் கோஹேன். நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் மேலும் மூன்று வீடுகளின் கடிதப் பெட்டிகளில் அதே பெயர் இருக்கிறது. ஆனால் இவர்களுக்குள் போக்குவரத்தே இல்லை. இது சாதிப் பெயரா? சென்ற மாதம் ஐயாவின் நெருங்கிய நண்பர் இறந்தபோது, தான் கோஹேன் என்பதால் மயானத்துக்குள் வரமுடியாது என்று சொல்லிவிட்டார். இவரைப் பராமரிக்கும் நான் எதையெல்லாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்?"

சகோதரி, அந்த நான்கு வீட்டாரும் உறவினர்களாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. கோஹேன் என்பது குடும்பப்பெயராவதற்கு மிக முன்பே ஒரு பொறுப்பின் பெயராக இருந்தது. தமிழ் விவிலியத்தில் 'ஆசாரியன்' என்று நீங்கள் வாசித்திருக்கக்கூடிய சொல்லின் எபிரேய மூலம் அதுதான். மோசேயின் அண்ணன் ஆரோனும் அவர் வழிவந்த ஆண்மக்களும் பலிபீடப் பணிக்கு நியமிக்கப்பட்டதாக யூதர்களின் வேதநூலான தோரா சொல்கிறது. அந்த மரபினரே கோஹேன்கள். ஆரோன் பிறந்த லேவி கோத்திரத்தின் மற்றவர்கள் ஆலயத்தில் துணைப் பணிகளைச் செய்தார்கள். இஸ்ரேலில் அடிக்கடி கேட்கும் லேவி என்ற குடும்பப்பெயர் அவர்களை நினைவூட்டுவது. சொல்லும் எபிரேயத்துக்கு மட்டும் உரியதன்று. சீதோன் மன்னன் தப்னித்தின் கல்பேழையில் உள்ள பெனீசிய எழுத்துகள் அவனை ஒரு பெண்தெய்வத்தின் கோஹேன் என்றே குறிக்கின்றன. அரபியில் இதன் உறவுச்சொல்லான 'காஹின்' குறி சொல்பவரைக் குறிக்கும்.

சாதிப் பெயரா என்று கேட்டிருக்கிறீர்கள். தந்தைவழியாக மட்டும் வருவதாலும் சில விலக்குகளை உடையதாலும், நம் ஊரில் கோயில் பூசைக்கு உரிமையுள்ள குருக்கள் குடும்பங்களை இது உங்களுக்கு நினைவூட்டலாம். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு: ரோமர்கள் கி.பி. 70இல் எருசலேம் ஆலயத்தை அழித்த பின் கோஹேன்களுக்குப் பலிப்பணியே இல்லாமற் போயிற்று. சமூகத்தை வழிநடத்தும் வேலை, கல்வியால் அத்தகுதி பெறும் ரபிகளுக்குச் சென்றது. கோஹேன் ஒருவர் இன்று பேருந்து ஓட்டுநராகவோ பல் வைத்தியராகவோ இருக்கலாம். ஜெபாலயத்தில் தோரா வாசிப்புக்கு முதலில் அழைக்கப்படுவதும், சபையை நோக்கிக் கைகளை உயர்த்தி ஆசி கூறுவதும், தலைப்பேறான மகனை ஐந்து வெள்ளிக் காசு கொடுத்து மீட்கும் சடங்கில் அக்காசைப் பெற்றுக்கொள்வதுமே அவருக்கு எஞ்சியிருக்கும் உரிமைகள்.

இது எப்போது குடும்பப்பெயராயிற்று என்பதற்கு எல்லா நாட்டுக்கும் பொருந்தும் ஒரே ஆண்டு இல்லை. நீண்ட காலம் யூதர்கள் 'இன்னாரின் மகன் இன்னார்' என்றே வழங்கப்பட்டார்கள். மரபினராயின் கடைசியில் 'ஹக்கோஹேன்' என்ற அடைமொழி சேரும். ஸ்பெயினிலும் வட ஆபிரிக்காவிலும் அது முன்னதாகவே பரம்பரைப் பெயராக இறுகிவிட்டது. நடு ஐரோப்பாவிலோ அரசாங்கம் வற்புறுத்திய பின்னரே பெரும்பாலோர் நிலையான குடும்பப்பெயரை ஏற்றார்கள். ஆஸ்திரியப் பேரரசில் இரண்டாம் யோசேப்பு 1787இலும், பிரான்சில் நெப்போலியன் 1808இலும் இதற்குச் சட்டம் இயற்றினார்கள். பிரஷ்யா 1812இல் அதே வழிக்கு வந்தது. பதிவேட்டுக்குப் புதுப்பெயர் தேவைப்பட்டபோது, கோஹேன் மரபுக் குடும்பங்கள் பல, ஒன்றையொன்று அறியாமலே, ஏற்கெனவே கையிலிருந்த அடைமொழியைப் பெயராக எழுதிக்கொடுத்தன.

அந்தந்த மொழி அதைத் தன் நாவுக்கேற்ப வளைத்துக்கொண்டது. ஜெர்மன் பேசிய நாடுகளில் கோன், கான் என்றும், 'ஹ' ஒலி இல்லாத ரஷ்ய மொழியில் கோகன், ககான் என்றும் ஆயிற்று. அரமேய வடிவம் கஹானா. 'நீதியின் கோஹேன்' என்று பொருள்படும் 'கோஹேன் செதெக்' என்ற தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் பிறந்தது காட்ஸ். ஜெர்மானியப் பூனைச் சொல்லோடு அது ஒலி ஒத்திருப்பது தற்செயல். கிறிஸ்தவ குருவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த கப்லானையும் பல கோஹேன் குடும்பங்கள் ஏற்றன. 1997இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அல்ஜீரியாவில் பிறந்த குளோட் கோஹேன்-தனூஜி. 'தாஞ்சியர் ஊரைச் சேர்ந்த கோஹேன்' என்பதே தம் பெயரின் பொருள் என்று அவர் விளக்கியிருக்கிறார். மறு ஆண்டு வேதியியல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் வியன்னாவில் பிறந்த வால்ட்டர் கோன். வெவ்வேறு கண்டங்களில் பிறந்த இவ்விருவரின் பெயர்களும் ஒரே சொல்லிலிருந்து வந்தவை.

உங்கள் கடிதப் பெட்டிகளின் புதிர் இங்கேதான் அவிழ்கிறது. மொரோக்கோ, ஈராக், யேமன், போலந்து என்று பல நாடுகளில் தனித்தனியே நிலைபெற்ற கோஹேன் குடும்பங்கள், இஸ்ரேல் உருவான 1948க்குப் பிந்திய பெருங்குடியேற்றத்தில் ஒரே சிறு நாட்டில் வந்து சேர்ந்தன. ஊர்ப்பெயராலோ தொழிற்பெயராலோ அமைந்த பிற குடும்பப்பெயர்கள் நாட்டுக்கு நாடு வேறுபட்டதால் சிதறி நிற்கின்றன. இதுவோ எபிரேயச் சொல்லாகவே எங்கும் இருந்ததால் ஒன்றாகத் திரண்டது. இஸ்ரேலில் மிக அதிகமானோர் கொண்டுள்ள குடும்பப்பெயர் இதுவே, அடுத்தது லேவி. யூத மக்களில் ஏறத்தாழ நூற்றுக்கு இருவர் கோஹேன் என்ற பெயருடையவர்கள்.

ஆனால் கோஹேன் மரபினர் என்று தம்மைக் கொள்ளும் யூதர்கள் சுமார் நூற்றுக்கு ஐவர் என்பது பொதுவான மதிப்பீடு. ஆகவே மரபு இருந்தும் பெயர் இல்லாதோர் ஏராளம். பெயர் இருந்தும் மரபு இல்லாதோரும் உண்டு. ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த கலிசியாவில் சமயச் சடங்கோடு நின்று அரசாங்கத்தில் பதியப்படாத திருமணங்களின் பிள்ளைகள் தாயின் குடும்பப்பெயரையே பெற்றார்கள். தாய்வழிப் பாட்டனிடமிருந்து காட்ஸ் என்ற பெயரைப் பெற்ற பேரன், தந்தை கோஹேன் அல்லாதபோது, மரபில் கோஹேன் ஆகமாட்டான். கோஹேன் மரபினர் விவாகரத்தான பெண்ணை மணப்பதைத் தோரா விலக்குகிறது. விலக்கை மீறிய மணத்தில் பிறக்கும் மகன் பெயரை வைத்துக்கொள்ளலாம், மரபுரிமையை இழந்துவிடுவான். யூதர்களின் திருமணப் பதிவு சமய அதிகாரிகளின் கையில் இருக்கும் இஸ்ரேலில் இது ஏட்டளவிலான விதியன்று. இதனால் சைப்பிரஸ் போன்ற வெளிநாடுகளுக்குச் சென்று மணம் முடிக்கும் இணையர் உண்டு.

மரபணு ஆய்வு இதைத் தீர்த்துவிட்டதா என்று சிலர் கேட்பதுண்டு. கார்ல் ஸ்கோரெக்கியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வு, தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் செல்லும் ஒய் நிறப்புரியில் கோஹேன்கள் மற்ற யூதர்களிடமிருந்து வேறுபடுவதைக் காட்டியது. பின்வந்த ஆய்வுகளோ அவர்களுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட தந்தைவழிகள் இருப்பதையும் வெளிப்படுத்தின. பொதுமூதாதை உடையோர் பலர், எல்லோரும் அல்லர் என்பதே இன்றைய நிலை. அண்டை வீட்டாரோடு உறவு உண்டா என்பதை இதைக்கொண்டு சொல்லமுடியாது.

இனி உங்கள் அன்றாடப் பணிக்கு வருவோம். மயானம் பற்றிய விலக்கு லேவியராகமம் 21ஆம் அதிகாரத்தில் இருக்கிறது: கோஹேன் இறந்தவரின் உடலை அணுகக்கூடாது. மனைவி, தாய், தந்தை, மகன், மகள், சகோதரன், மணமாகாத சகோதரி ஆகியோர் விதிவிலக்கு. ஐயா தம் நண்பரின் அடக்கத்துக்கு உள்ளே செல்லாதது அன்பின்மையால் அன்று என்பதை நீங்கள் உணர்ந்தால், அந்த நாளில் அவரோடு பரிவாகப் பேச முடியும். இஸ்ரேலின் பல மயானங்களில் கோஹேன்கள் எல்லைக்கு வெளியே நின்று சடங்கில் பங்குகொள்ள இடம் இருக்கிறது. இன்னொரு முறை இப்படி நேர்ந்தால் நாற்காலியோடு அங்கே அழைத்துச்செல்லலாமா என்று அவரிடமோ பிள்ளைகளிடமோ கேளுங்கள். எல்லாக் கோஹேன்களும் இவற்றை ஒரே கண்டிப்போடு கைக்கொள்வதில்லை. பெயரைப் பார்த்து முடிவுசெய்யாமல் அவர் வழக்கத்தைக் கேட்டறிவதே சரி.

ஆசி கூறும் நாள்களில் அவர் ஜெபாலயத்தில் காலணியைக் கழற்றிக் கை கழுவவேண்டியிருக்கும். குனிந்து கட்டவேண்டிய காலணி முதியவர்களுக்குத் தொல்லையானது. எளிதில் கழற்றி மாட்டக்கூடிய ஒன்றை அணிவித்து அனுப்புங்கள். பஸ்கா, கூடாரத் திருவிழாக் காலங்களில் இதற்காகவே வெளியே செல்ல விரும்புவார்.

வைத்தியசாலையில் இறந்தவரின் உடல் இருக்கும் கூரையின் கீழ் செல்வதைப் பற்றியும் கண்டிப்பான கோஹேன்கள் கவலைப்படுவார்கள். அவர்களுக்கென ஏற்பாடு செய்திருக்கும் வைத்தியசாலைகளும் உண்டு. சாதாரணப் பரிசோதனைக்குச் செல்லும் முன் குடும்பத்தாரிடம் இதைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் யூதச் சட்டப்படியே இந்த விலக்கு விலகிவிடும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் உடனே இஸ்ரேலின் அம்புலன்ஸ் எண்ணான 101ஐ அழையுங்கள்.