பத்துப் பவுண்டுக்கு நல்ல ஒயின் கிடைக்குமா?

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். என்னுடன் வேலை செய்பவர்கள் அடிக்கடி வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். அவர்களுக்காக ஒயின் வாங்கப் போனால் கடையில் தலை சுற்றுகிறது. ஒன்றில் ‘92 புள்ளி’ என்று ஒட்டியிருக்கிறது, இன்னொன்றில் ‘பாதி விலை’ என்று தொங்குகிறது. வருபவர்கள் திராட்சை ரகங்களைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள், எனக்குப் புரிவதில்லை. பத்துப் பன்னிரண்டு பவுண்டுக்கு மேல் செலவழிக்க மனமில்லை. எதை நம்பி வாங்குவது? – ஒரு வாசகி

பதில்: தாராளமாகக் கிடைக்கும். பிரிட்டனில் ஒயின் வாங்குபவருக்குக் கொடுத்த காசுக்கு அதிகப் பலன் கிடைப்பது நீங்கள் சொன்ன அந்த விலையில்தான். காரணம் வரி. இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் கடையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இங்கே மதுவரி ஆல்கஹாலின் அளவைப் பார்த்து விதிக்கப்படுகிறது. பாட்டிலின் விலையைப் பார்த்து அல்ல. 13.5 சதவீத ஆல்கஹால் உள்ள 750 மில்லி பாட்டிலுக்குச் சுமார் 3 பவுண்ட். அதற்கு மேல் 20 சதவீத மதிப்புக் கூட்டு வரி. ஆறு பவுண்ட் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்புக் கூட்டு வரி 1 பவுண்ட், மதுவரி 3 பவுண்ட் போனால் மீதி 2 பவுண்ட். கண்ணாடி, மூடி, கப்பல் கூலி, கடைக்காரரின் லாபம் எல்லாம் அந்த இரண்டு பவுண்டுக்குள் அடங்க வேண்டும். திராட்சைக்கும் ஒயினுக்கும் அதில் என்ன மிஞ்சும்? பன்னிரண்டு பவுண்ட் பாட்டிலில் இரண்டு வரிகளும் சேர்ந்து 5 பவுண்ட். மீதி 7 பவுண்ட். விலை இரண்டு மடங்குதான் ஏறியது, மிச்சமோ மூன்றரை மடங்கு ஆகிவிட்டது. ஆறு பவுண்டுக்கு இரண்டு பாட்டில் வாங்குவதைவிடப் பன்னிரண்டுக்கு ஒன்று வாங்குங்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். முப்பது பவுண்டைத் தாண்டிய பிறகு நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு பெயருக்கும் புகழுக்கும் போகிறது.

‘பாதி விலை’ அட்டையைப் பார்த்தால் ஒதுங்கிப் போய்விடுங்கள். தள்ளுபடி விலைதான் அந்த ஒயினின் உண்மையான மதிப்பாக இருக்கும் வாய்ப்பு அதிகம். அதைவிட, பெரிய கடைகள் தங்கள் சொந்தப் பெயரில் விற்கும் நடுத்தர வரிசை எவ்வளவோ மேல். பின்பக்க லேபிளில் தயாரித்தவர் பெயரைப் பாருங்கள். பிரான்சின் ஷாப்லி ஊரில் உள்ள லா ஷாப்லிசியென் என்ற கூட்டுறவு நிறுவனம் பிரிட்டன் கடைகளுக்காக அவற்றின் பெயரிலேயே ஒயின் தயாரித்துக் கொடுக்கிறது. 1874-இல் லண்டனில் தொடங்கிய ‘தி ஒயின் சொசைட்டி’யும் உறுப்பினர்களுக்கே சொந்தமான கூட்டுறவுதான். ஒருமுறை பங்கு வாங்கினால் ஆயுள் முழுவதும் உறுப்பினர். பங்கு வாங்கிவிடுங்கள் என்பதே என் யோசனை.

அடுத்து, புகழ்பெற்ற ஊரின் பக்கத்து ஊரைத் தேடுங்கள். பிரான்சின் லுவார் ஆற்றோரம் உள்ள சான்சேர் ஊர் ஒயினுக்கு விலை அதிகம்; அதே ஆற்றுப் படுகையில், அதே சொவினியோன் பிளாங்க் திராட்சையில் செய்யும் துரேன் ஒயின் உங்கள் பட்ஜெட்டுக்குள் வரும். ஷாம்பேன் வேண்டுமென்றால், ஷாம்பேன் பகுதிக்கு வெளியே செய்யும் நுரை ஒயினான கிரெமான் வாங்குங்கள். அதுவும் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கும் முறைதான். ஈஸ்ட் வண்டலோடு குறைந்தது 9 மாதம் கிடக்க வேண்டும் என்பது சட்டம். சாதாரண ஷாம்பேனுக்கு அது 12 மாதம். இந்த மூன்று மாத வித்தியாசத்துக்காக இரண்டு, மூன்று மடங்கு விலை கொடுக்கத் தேவையில்லை.

எனக்கு மிகப் பிரியமானது போஜோலே. பிரான்சின் பர்கண்டிப் பகுதிக்குத் தெற்கே, காமே என்ற திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயின். அந்தத் திராட்சையை மட்டமானது என்று சொல்லி 1395-இல் பர்கண்டியின் கோமகன் பிலிப் தன் நிலப்பகுதியிலிருந்து வேரோடு பிடுங்கச் சொன்னார். அந்த அவப்பெயர் முழுவதும் நீங்காததால் விலை இன்றும் நியாயமாக இருக்கிறது. லேபிளில் ‘போஜோலே வில்லாஜ்’ என்று இருந்தால் வாங்குங்கள். மொர்கோன், ஃப்ளூரி போன்ற ஊர்ப் பெயர் இருந்தால் இரண்டு மூன்று பவுண்ட் கூடக் கொடுக்கலாம்.

திராட்சை ரகங்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்தால் மறந்துபோகும். குடும்பம் குடும்பமாகப் பழகுங்கள். கபெர்னே சொவினியோனின் பெற்றோர் கபெர்னே ஃப்ராங்கும் சொவினியோன் பிளாங்கும்தான் என்று 1997-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மரபணுச் சோதனையில் தெரிந்தது. சிலியில் நெடுங்காலம் மெர்லோ என்று நம்பி வளர்த்தவற்றில் பல கார்மெனேர் கொடிகள் என்று 1994-இல் கண்டுபிடித்தார்கள். அதுவும் கபெர்னே ஃப்ராங்கின் பிள்ளையே. பச்சைக் குடைமிளகாயை நறுக்கினால் வரும் வாசனை இந்தக் குடும்பம் முழுவதிலும் ஓடுகிறது. அந்த ஒரு வாசனையைப் பிடித்துக்கொண்டால் நான்கு ரகங்களைப் பற்றி விருந்தினரோடு நீங்களும் பேசலாம்.

இனிப் புள்ளிகள். அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் 1978-இல் தொடங்கிய பத்திரிகை வழியாகத்தான் நூறு புள்ளி முறை உலகெங்கும் பரவியது. பிரிட்டனின் விமர்சகர் ஜான்சிஸ் ராபின்சன் இருபதுக்குப் புள்ளி போடுபவர். பிரான்சின் போர்தோ பகுதியில் உள்ள ஷாத்தோ பாவி என்ற ஒயின் பண்ணையில் 2003-ஆம் ஆண்டு விளைச்சலில் செய்த ஒயினைப் பார்க்கர் மிக உயர்வாகப் புகழ்ந்தார். ராபின்சன் இருபதுக்குப் பன்னிரண்டு கொடுத்தார். இருவருமே நேர்மையானவர்கள், அவர்கள் ரசனை வேறு. இதைவிட முக்கியமானது ராபர்ட் ஹாட்சன் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு. கலிபோர்னியப் போட்டி ஒன்றின் நடுவர்களுக்கு, ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய ஒயினை அவர்களுக்குத் தெரியாமல் மூன்று முறை கொடுத்தார்கள். பெரும்பாலோர் போட்ட புள்ளிகள் நான்கு ஏறின, நான்கு இறங்கின. மூன்று முறையும் ஒரே பதக்கத் தரத்துக்குள் நின்று மதிப்பிட்டவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான். அப்படியானால் 92-க்கும் 89-க்கும் இடையில் என்ன இருக்கிறது?

அதற்காக விமர்சகர்களை ஒதுக்கிவிடாதீர்கள். எண்ணை விட்டுவிட்டு அவர்கள் எழுதுவதை வாசியுங்கள். புளிப்பு தூக்கலா, துவர்ப்பு எவ்வளவு, ஓக் பீப்பாய் வாசனை உண்டா என்பது அந்த வரிகளில்தான் இருக்கிறது. உங்களுக்குப் பிடித்த மூன்று ஒயின்களைப் பற்றி யார் நன்றாக எழுதியிருக்கிறார் என்று பார்த்து, அவரையே தொடர்ந்து வாசியுங்கள். ஒட்டியிருக்கும் புள்ளி எந்த ஆண்டு விளைச்சலுக்கு என்பதையும் கவனியுங்கள். சென்ற ஆண்டு ஒயினுக்குக் கிடைத்தது இந்த ஆண்டு பாட்டிலுக்குப் பொருந்தாது.

நம் வீட்டுச் சாப்பாடு என்றால் ஒரு எச்சரிக்கை. ஆல்கஹாலும் துவர்ப்பும் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும். மீன் குழம்புக்கும் காரமான வறுவலுக்கும் ஜெர்மனியின் மொஸல் பகுதியில் செய்யும் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினை வாங்குங்கள். லேபிளில் ‘கபினெட்’ என்று இருக்க வேண்டும். மெல்லிய இனிப்பு, நல்ல புளிப்பு, ஆல்கஹால் பெரும்பாலும் எட்டு ஒன்பது சதவீதம்தான். ஆல்கஹால் குறைவதால் மதுவரியும் ஒரு பவுண்ட் அளவுக்குக் குறைகிறது. அதை நன்றாகக் குளிரவைத்துக் கொடுங்கள். போஜோலே சிவப்பு ஒயின்தான் என்றாலும், விருந்தினர் வருவதற்கு அரை மணி நேரம் முன்பு அதையும் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.