பாதில விட்ட வேலை மனசை விடாது

கேள்வி: திருப்பூர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல அக்கவுண்டன்ட்டா இருக்கேன் சார். டேலி கணக்கு சாஃப்ட்வேர்ல என்ட்ரி போட உக்காந்தா பத்து நிமிஷம் ஆகாது, அதுக்குள்ள எந்த கிளையன்ட்டாவது வாட்ஸ்அப்ல பில் அனுப்பிட்டு "பாத்தீங்களா"ன்னு கேப்பாங்க, அதை பாத்துட்டு திரும்ப வந்தா எங்க விட்டேன்னே தெரியல. ஜிஎஸ்டி தேதி நெருங்க நெருங்க இன்னும் மோசம். ஞாபக சக்தி போயிடுச்சா, இல்ல மனசுல ஏதாவது கோளாறா?

பதில்: நீங்க எழுதினத வச்சு பாத்தா கோளாறு மாதிரி தெரியலம்மா. சின்ன வயசுலருந்தே வீட்லயும் வெளியிலயும் இதே தொல்லை இருந்திருந்தா மட்டும் ஒரு மனநல டாக்டர பாத்துடுங்க, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல.

ஒரு பில்லை போடும்போது பார்ட்டி பேரு, பில் நம்பர், தொகை, வரி எத்தனை பர்சன்ட்னு நாலையும் மனசுல புடிச்சு வச்சிருக்கீங்க இல்லையா, ஒரே நேரத்துல மனசு தாங்குறதே ஏறக்குறைய அந்த 4 விஷயம்தான்னு நெல்சன் கோவன்ங்கிற உளவியல் ஆய்வாளர் 2001ல எழுதினார். அங்க அஞ்சாவதா ஒரு வாட்ஸ்அப் வந்தா ஏதோ ஒண்ணு நழுவத்தான் செய்யும், அது உங்க தப்பில்ல.

இதைவிட முக்கியமா ஒண்ணு இருக்கு. சோஃபி லெராய்னு ஒரு அம்மா 2009ல ஆராய்ச்சி பண்ணி சொன்னாங்க, ஒரு வேலைய பாதில விட்டுட்டு அடுத்ததுக்கு போனா நாமதான் போறோம், கவனத்துல ஒரு பங்கு பழைய வேலையிலயே தங்கிடுதுன்னு. 2018ல இன்னொருத்தரோட சேர்ந்து அவங்க பண்ணின ஆய்வுல, திரும்பி வந்ததும் அவசர அவசரமா முடிக்கணும்னு தெரிஞ்சா அந்த ஒட்டுதல் இன்னும் ஜாஸ்தியாகுதுன்னும் வந்துச்சு. விற்பனை விவரம் காட்டுற ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னுக்கு 11ம் தேதி, வரி கட்டுற 3பி ரிட்டர்னுக்கு 20ம் தேதின்னு கெடு இருக்கிற உங்களுக்கு அந்த வாரம் மட்டும் ஏன் தலை சுத்துதுன்னு இப்ப புரியுதா?

அதே ஆய்வுல வழியும் இருக்கு. எந்திரிக்கிறதுக்கு முன்னாடி எங்க விட்டோம், வந்ததும் என்ன செய்யணும்னு சுருக்கமா எழுதி வச்சுட்டு போனவங்களுக்கு புது வேலையில கவனம் நல்லா நின்னுது. அதனால கீபோர்டு பக்கத்துல ஒரு துண்டுச்சீட்டு வைங்க, "நூல் பர்சேஸ், 47 வரைக்கும் போட்டாச்சு, 48ல பார்ட்டி ஜிஎஸ்டி நம்பர் தப்பு, போன் பண்ணி கேக்கணும்" அவ்வளவுதான் எழுதணும். போன் அடிச்சுக்கிட்டே இருந்தாலும் பரவால்ல, எழுதி முடிச்சுட்டு எடுங்க. "வந்து பாத்துக்கலாம்"னு மட்டும் எழுதாதீங்க, மனசு அதை நம்பாது, அடுத்து செய்ய வேண்டியது தெளிவா இருந்தாதான் விடும்.

வாட்ஸ்அப்புக்கு காலைல 11:30, சாயங்காலம் 4 மணின்னு ரெண்டு நேரம் வச்சு கிளையன்ட்டுங்ககிட்ட சொல்லிடுங்க, அவசரம்னா கூப்பிடட்டும். உங்க ஆடிட்டர்கிட்டயும் முன்னாடியே பேசிடுங்க, ஸ்டாஃப் பதில் போடுற வேகத்தை வச்சே வேலைய எடைபோடுற முதலாளிங்க நிறைய பேர் இருக்காங்க, என்னை கேட்டா தப்பான என்ட்ரிக்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: மதியம் சாப்பிட்டதும் கண்ணு சொக்குது, சோத்தை குறைக்கணுமா?

பதில்: நிறைய சாப்பிட்டா கூடும்தான், ஆனா சாப்பிடாம இருந்தாலும் மதியம் ரெண்டு மணி வாக்குல உடம்பு கடிகாரமே கொஞ்சம் இறங்கும். அதனால பட்டினி கிடக்காதீங்க. பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் நம்ம கணக்கையும் ஒத்துப் பாக்குற பேங்க் ரீகன்சிலியேஷன் மாதிரி மண்டைய குடையிற வேலைய காலையிலயே முடிச்சுட்டு, அந்த ஒரு மணி நேரத்துக்கு ஸ்கேன் பண்றது, ஃபைல் அடுக்குறது, பாக்கி கேட்டு போன் பண்றதுன்னு வச்சுக்கங்க. ஆபீஸ்ல விட்டாங்கன்னா பதினஞ்சு நிமிஷம் மேஜையில தலை சாய்ச்சுக்கலாம், அதுக்கு மேல வேண்டாம், எந்திரிச்சா மந்தமாயிடும்.