ஆங்கில நாட்குறிப்பைத் திருத்த ஓராண்டுக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டலாமா?

கேள்வி: டோக்கியோவின் நிஷி-கசாய் பகுதியில் வசிக்கிறேன். உடன் வேலை பார்க்கும் ஜப்பானியப் பெண்மணி ஆறு மாதமாக அன்றாட நிகழ்ச்சிகளை ஆங்கிலத்தில் எழுதி என்னிடம் திருத்தக் கொடுக்கிறார். செய்த பிழைகளையே மீண்டும் செய்கிறார். நாட்குறிப்புத் திருத்தமும் இணையவழி வகுப்பும் சேர்ந்த ஓராண்டுத் திட்டத்துக்கு ஒரு முகவர் 1,80,000 யென் கேட்கிறாராம். என் ஆங்கிலம் போதாதா? பணத்தைக் கட்டச் சொல்லலாமா?

பதில்: கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் ஆங்கிலம் போதும். மாற வேண்டியது திருத்தும் முறைதான். பக்கம் முழுவதும் சிவப்புக் கோடுகளாக இருந்தால் எழுதியவர் மனத்தில் எதுவும் தங்காது. ஒரு வாரத்துக்கு ஒரே வகைப் பிழையை, இறந்தகால வினையை என்று வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கோடிட்டு மட்டும் காட்டி, சரியான வடிவத்தை அவரையே எழுதச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து அதே நிகழ்ச்சியைப் பழைய தாளைப் பாராமல் மறுபடி எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலோர் இந்த மறு எழுத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். 'எ' (a), 'தி' (the) ஆகிய சிறு சொற்களை இப்போதைக்கு விட்டுவிடலாம். அவை ஜப்பானியத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை என்பதால் உங்களுக்கே ஐயம் எழும்.

எழுந்தேன், சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன் என்று நாள் முழுவதையும் அடுக்கினால் அதே பத்து வினைகளே சுற்றிச் சுற்றி வரும். உங்கள் பகுதி வழியே ஓடும் தோசாய் தடத்தில் ரயில் தாமதமான அன்று, நிலையத்தில் தாமதச் சான்று வாங்கியதையும் மேலாளரிடம் பேசியதையும் மட்டும் எழுதட்டும்.

இங்கே பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வின் ஆங்கிலத்தில் வாசிப்பும் கேட்டலும் மட்டுமே உண்டு. எழுத்தையும் அளக்கும் வெளித்தேர்வுகளைச் சேர்க்கும் திட்டம் 2019 நவம்பரில் ஒத்திவைக்கப்பட்டு, 2021இல் கைவிடப்பட்டது. எழுத்தை மதிப்பிடவே முன்வராத அமைப்பு, எழுத வரவில்லை என்ற கூச்சத்தை மட்டும் மாணவர் தலையில் சுமத்துவது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கூச்சத்தைத்தான் முகவர்கள் காசாக்குகிறார்கள். ஜப்பானின் மிகப் பெரிய ஆங்கிலப் பயிற்சி நிறுவனமாக இருந்த நோவா 2007இல் நொடித்தபோது, முன்பணம் கட்டியிருந்த மாணவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள். அதன் பிறகும் முன்பண வியாபாரம் ஓயவில்லை.

அவர் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தாலும் வழி உண்டு. மொழிப் பயிற்சி ஒப்பந்தத்தின் தொகை 50,000 யென்னுக்கு மேலும் காலம் இரண்டு மாதத்துக்கு மேலும் இருந்தால், ஒப்பந்த ஆவணம் கைக்கு வந்த நாளையும் சேர்த்து 8 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே விலகலாம். மின்னஞ்சலில் தெரிவித்தாலும் செல்லும். அந்தக் கெடு கடந்து, வகுப்பும் தொடங்கியிருந்தால், நடந்த வகுப்புகளுக்கான கட்டணம் போக, 50,000 யென் அல்லது மீதித் தொகையில் 20 விழுக்காடு, இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் அபராதமாகப் பிடிக்க முடியாது.

இரண்டு வரம்புகளும் சேர்ந்தே தாண்டப்பட வேண்டும் என்பதை நன்றாகக் கவனியுங்கள். 49,800 யென் என்று விலை வைத்த திட்டம் ஓராண்டு நீண்டாலும் இந்தப் பாதுகாப்புக்குள் வராது. இரண்டே மாதத்தில் முடியும் திட்டம் இரண்டு இலட்சம் யென் ஆனாலும் வராது. விலை ஐம்பதாயிரத்துக்குச் சற்றுக் கீழே நின்றாலோ, காலம் சரியாக இரண்டு மாதம் என்று எழுதியிருந்தாலோ, கையெழுத்திடும் முன் 188 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அவர் அழைத்து, அந்த ஒப்பந்தத்தை வரிவரியாக வாசித்துக் காட்டிக் கேட்கட்டும்.