போலிஷ் மொழி: தொடக்க நிலையைத் தாண்டியவர்களுக்குக் கேள்வி பதில்

கிராக்கோவிலும் வார்சாவிலுமாக ஐந்து ஆண்டுகள் போலிஷ் படித்தவள் நான். ‘ஒரு காபி கொடுங்கள்’, ‘ரயில் எத்தனை மணிக்கு’ என்பதையெல்லாம் கடந்துவிட்டவர்களின் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, முதலாண்டில் ஐந்துக்கு ஐந்து வாங்கினேன். இப்போது மூன்றைத் தாண்ட முடியவில்லை. மொழியே வராதோ என்று பயமாக இருக்கிறது.

போலந்துப் பல்கலைக்கழகங்களில் மதிப்பெண் இரண்டில் தொடங்கி ஐந்தில் முடிகிறது. இரண்டு என்றால் தோல்வி, மூன்று என்றால் தேர்ச்சி. ஆகவே நீங்கள் தோற்கவில்லை. முதலாண்டில் பாடநூல் உங்களுக்காக வாக்கியங்களைச் சுருக்கித் தந்தது, இரண்டாம் ஆண்டில் அந்தச் சலுகை போய்விட்டது. எனக்கும் அந்த ஆண்டு மூன்றுகள்தான்.

ஒவ்வொரு வினைக்கும் இரண்டு வடிவம் என்கிறார்கள். ஆங்கில வழி இலக்கண நூலை மூன்று முறை படித்தும் பிடிபடவில்லை.

அந்த நூலை மூடி வைத்துவிட்டுத் தமிழில் யோசியுங்கள். ‘நேற்று முழுக்கக் கடிதம் எழுதினேன்’ என்பது ஒன்று, ‘கடிதத்தை எழுதிவிட்டேன்’ என்பது வேறு. முன்னதற்குப் போலிஷில் ‘பிசாச்’. (பிசாசு அல்ல, எழுதுதல். முதல் நாள் நானும் சிரித்தேன்.) பின்னதற்கு ‘நாபிசாச்’. முன்னதை நிறைவுறா வினை என்றும் பின்னதை நிறைவு வினை என்றும் வைத்துக்கொள்வோம். நம் ‘விடு’ வினையின் வாலில் ஒட்டுகிறது, அவர்களுடைய ‘நா’ தலையில் ஒட்டுகிறது.

இந்த ஒற்றுமை எதிர்மறை ஏவலில்தான் நன்றாகத் தெரியும். ‘ஜன்னலைத் திறக்காதே’ என்று தடுக்கும்போது அவர்கள் நிறைவுறா வினையைப் போடுவார்கள். தவறி நடந்துவிடக்கூடிய ஒன்றைப் பற்றி எச்சரிக்கும்போது மட்டும் நிறைவு வினை வரும். ‘நியெ ஸபோம்னிய்’ என்றால் மறந்துவிடாதே, ‘நியெ ஸ்குப்’ என்றால் தொலைத்துவிடாதே. வகுப்பில் மற்றவர்கள் இதற்கு அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தார்கள். எனக்கு நம்முடைய ‘விடாதே’ ஒன்றே போதுமாக இருந்தது.

ஆனால் இந்த உறவை ரொம்பவும் நம்பிவிடாதீர்கள். நிறைவு வினைக்கு நிகழ்காலமே கிடையாது. நிகழ்காலம் போலத் தோன்றும் ‘நாபிஷெ’ உண்மையில் ‘எழுதிவிடுவேன்’. அதோடு, முன்னொட்டு மாறினால் பொருளே மாறும். ‘போத்பிசாச்’ கையெழுத்திடுதல், ‘ஒபிசாச்’ விவரித்தல், ‘ப்ஷெபிசாச்’ பார்த்து எழுதுதல். மருத்துவமனையிலிருந்து நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதுகூட ‘வீபிசாச்’தான். இவை ஒவ்வொன்றுக்கும் தனியே ஒரு நிறைவுறா வடிவம் உண்டு. ஆகவே வினையை ஒற்றையாகக் குறித்து வைக்காதீர்கள். இணையோடும் ஒரு முழு வாக்கியத்தோடும் எழுதி வையுங்கள்.

ஏழு வேற்றுமைகளையும் எப்படி நினைவில் வைப்பது?

எட்டு வேற்றுமைக்காரர்கள் ஏழைக் கண்டு பயப்படலாமா? ‘எனக்குக் குளிர்கிறது’ என்பதை ‘நான் குளிராக இருக்கிறேன்’ என்று திருப்பிப் போடும் வேலை நமக்கு இல்லை. போலிஷிலும் அது ‘ஜிம்னோ மி’, அதாவது ‘குளிர் எனக்கு’. நாம் இடறும் இடங்கள் வேறு. ‘இல்லை’ என்றதும் செயப்படுபொருள் ஆறாம் வேற்றுமைக்குத் தாவிவிடும். ‘மாம் ச்சாஸ்’, நேரம் இருக்கிறது. ‘நியெ மாம் ச்சாசு’, நேரம் இல்லை. அடுத்தது எண்கள். 2, 3, 4 ஒரு கட்சி. 5 முதல் 21 வரை வேறு கட்சி, பெயர் ஆறாம் வேற்றுமைப் பன்மையில் நிற்க, வினை ஒருமைக்குப் போய்விடும். 22 மறுபடி முதல் கட்சி. இதற்குக் காரணம் தேடாமல் கடையில் முட்டை எண்ணிப் பழகுங்கள்.

‘ஒனி’, ‘ஒனெ’ இரண்டுமே ‘அவர்கள்’ என்கிறது அகராதி. எதை எப்போது சொல்வது?

திணை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சங்கடம், பன்மையில் அவர்களுடைய உயர்திணையில் ஆண்களுக்கு மட்டுமே இடம். அந்த உயர்திணைக்கு ‘ஒனி’, மற்ற எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் ‘ஒனெ’. மாணவர்கள் படித்தார்கள் என்றால் ‘ச்சிதாலி’, மாணவிகள் படித்தார்கள் என்றால் ‘ச்சிதாவி’. மேசையில் புத்தகங்கள் கிடந்தன என்றாலும் அதே ‘வி’ விகுதிதான். நூறு மாணவிகளுக்கு நடுவே ஒரு மாணவன் வந்து உட்கார்ந்தால் மொத்தக் கூட்டமும் ‘லி’ ஆகிவிடும். எனக்கு இன்றும் கோபம் வருகிறது. தேர்வுத்தாளில் மட்டும் அதைக் காட்டியதில்லை.

உச்சரிப்புக் குறிப்புகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். இங்கே நான் வேறு வழியில்லாமல் எழுதுகிறேன். சிறு ரொட்டிக்கும் அலமாரித் தட்டுக்கும் தமிழில் ஒரே எழுத்துக்கூட்டுதான்: புவ்கா. ரொட்டியின் ‘பு’ ‘புத்தி’யில் வருவது, தட்டின் ‘பு’ ‘புலி’யில் வருவது. ஒரு பேக்கரியில் நான் இரண்டு அலமாரித் தட்டு கேட்டிருக்கிறேன், எள் தூவியதாக. இரண்டு விதமான ‘ஷ’வையும் இப்படித்தான் தமிழ் எழுத்து விழுங்கிவிடும்.

பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினேன், பதிலே இல்லை. ‘வீதாம்’ என்றுதான் தொடங்கினேன்.

சிக்கல் அதில் இருக்கலாம். ‘வீதாம்’ என்பது வீட்டுக்காரர் வாசலில் நின்று விருந்தாளியை வரவேற்கும் தொனி. மாணவர் அப்படித் தொடங்குவது பல பேராசிரியர்களுக்குப் பிடிக்காது. பெண் பேராசிரியருக்கு ‘ஷனோவ்னா பானி ப்ரோஃபெசோர்’ என்று எழுதுங்கள். ஆண் என்றால் விளி வேற்றுமை வேண்டும்: ‘ஷனோவ்னி பானியெ ப்ரோஃபெசோஜெ’. முனைவர் பட்டத்துக்கு மேல் ‘ஹபிலிதாட்சியா’ என்ற தகுதியும் பெற்றவரைப் பல்கலைக்கழக வழக்கில் பேராசிரியர் என்றே அழைப்பார்கள். எழுதுவதற்கு முன் துறையின் இணையப் பக்கத்தில் அவர் பட்டங்களைப் பாருங்கள்.

அரசுச் சான்றிதழ்த் தேர்வு எழுதுவது பயனுள்ளதா?

குடியுரிமை எண்ணம் இருந்தால் பி1 (ஐரோப்பிய மொழித்தகுதி வரிசையில் மூன்றாம் நிலை) தேவைப்படும். தேர்வு 2004 முதல் நடக்கிறது. கேட்டல், வாசித்தல், இலக்கணம், எழுதுதல், பேசுதல் என்று ஐந்து பகுதிகள். ஒவ்வொன்றிலும் தனித்தனியே தேற வேண்டும், பேச்சில் வாங்கிய மதிப்பெண் இலக்கணத்தைக் காப்பாற்றாது.

எந்த அகராதி?

போலந்து அறிவியல் கழகத்தின் பெரிய அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஒவ்வொரு சொல்லும் எப்படித் திரிகிறது என்ற அட்டவணையோடு. பழைய எழுத்துக்கூட்டு நூல்களைக் கவனமாகக் கையாளுங்கள். 2026 ஜனவரி 1 முதல் சில விதிகள் மாறியிருக்கின்றன. வார்சாக்காரர், கிராக்கோவ்காரர் என்னும் சொற்களை முன்பு சிறிய எழுத்தில் தொடங்கினோம், இப்போது பெரிய எழுத்து.

நான் போலிஷில் பேசினாலும் நண்பர்கள் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார்கள்.

உங்களுக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு செய்கிறார்கள். வார்சா பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறையில் தமிழ் படிக்கும் போலிஷ் மாணவர்களைத் தேடிப் பிடியுங்கள். அரை மணி தமிழ், அரை மணி போலிஷ் என்று பேசி வைத்துக்கொள்ளலாம். ‘ழ’வோடு அவர்கள் படும் பாட்டைப் பார்த்தால் உங்கள் கூச்சமும் போய்விடும்.

வகுப்புக்கு ஆசிரியர் வரவில்லை என்றால் எவ்வளவு நேரம் காத்திருப்பது?

பதினைந்து நிமிடம். ‘க்வாத்ரான்ஸ் அகாதெமிட்ஸ்கி’, பல்கலைக்கழகக் கால்மணி என்று அதற்குப் பெயரே உண்டு. பதினாறாவது நிமிடம் கலைந்துவிடலாம். பதினேழாவது நிமிடம் படிக்கட்டில் அவர் எதிரே வந்துவிட்டால், விளி வேற்றுமையில் பிழையில்லாமல் வணக்கம் சொல்லிவிட்டு அவர் பின்னாலேயே திரும்பி நடங்கள்.