வௌவால்கள் புறப்படும் நேரம்: கேள்வி பதில்

அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகம், கெயின்ஸ்வில் ஊரில் ஆலிஸ் ஏரிக்கு எதிரே உயரமான கம்பங்களின்மேல் வௌவால்களுக்கென்றே மரவீடுகள் கட்டியிருக்கிறது. லட்சக்கணக்கில் தங்கி, அந்தி சாய்ந்ததும் கூட்டமாக வெளியே பறக்கின்றன. அங்கே படித்தவன் என்பதால் பெங்களூரு நண்பர்கள் கேட்டவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

அல்சூர் வாசகி: ஏப்ரலில் மகள் வீட்டுக்குப் போகிறோம். எத்தனை மணிக்கு அங்கே நிற்க வேண்டும், தம்பி?

அம்மா, சூரியன் மறைந்து பதினைந்து, இருபது நிமிடத்தில் தொடங்கும். ஏப்ரலில் அங்கே சூரியன் மறையவே எட்டு மணி ஆகிவிடும். நம் ஊர்க் கணக்கில் ஆறரைக்கே போய் நிற்காதீர்கள். குளிரோ மழையோ இருந்தால் அன்று போக வேண்டாம். முதலில் ஐந்தாறு மட்டும் வெளிவந்து வட்டமிடும். இவ்வளவுதானா என்று பலர் கிளம்பிவிடுகிறார்கள், எனக்கு அதைப் பார்க்கவே மனம் பொறுக்காது. தயவுசெய்து நில்லுங்கள். அடுத்த சில நிமிடங்களில் பலகை இடுக்குகளிலிருந்து கொத்துக்கொத்தாக உதிரும். அவற்றின் குறுகிய சிறகுக்குத் தரையிலிருந்து எழும்புவது கடினம். விழுந்த வேகத்தில்தான் பறக்கத் தொடங்கும். வீட்டை உயரத்தில் வைத்திருப்பது அதற்காகத்தான். பிறகு ஏரிப் பக்கமாக வானத்தில் ஒரு புகைத்தடம் நீளும். பருந்து ஒன்று குறுக்கே பாய்ந்தால் தடம் சட்டென்று வளைந்து மறுபடி கூடும்.

அவரே: எச்சம் மேலே விழுமா?

விழும். தொப்பி போட்டுக்கொள்ளுங்கள், வாயைத் திறந்தபடி அண்ணாந்து பார்க்காதீர்கள். அமோனியா நெடியும் இருக்கும்.

ஒயிட்ஃபீல்டு வாசகர்: எங்கள் குடியிருப்பில் ஒரு வௌவால் வீடு வைத்தால் வருமா சார்? கொசு ஒழியுமா?

கெயின்ஸ்வில் கதையைக் கேளுங்கள். 1987இல் ஒரு கட்டடம் எரிந்ததில் இடமிழந்த வௌவால்கள் விளையாட்டரங்கப் படிக்கட்டுகளுக்கு அடியில் குடியேறின. நாற்றம் தாங்காமல் 1991இல் வீடு கட்டி, பிடித்துக்கொண்டுவந்து விட்டார்கள். அவை தங்கவில்லை. சில ஆண்டுகள் காலியாகக் கிடந்த பிறகு தாமாகவே வந்தன. 2009இல் அந்த வீடு இடிந்து விழுந்தது, மறுபடி கட்டினார்கள். ஆகவே பெட்டியை உயரமாக, கீழே கிளை மறைக்காத இடத்தில் மாட்டிவிட்டுப் பொறுமையாக இருங்கள். இங்கே வந்தால் சுவர் இடுக்கில் வாழும் சிறிய இன வௌவால்கள் வரலாம். பூச்சிகளோடு கொசுவையும் தின்னும், ஆனால் தேங்கிய நீரை அகற்றும் வேலை உங்களுடையதுதான்.

ஜெயநகர் வாசகர்: எங்கள் தெரு மரத்தில் பெரிய வௌவால்கள் தொங்குகின்றன. நிபா காய்ச்சல் வரும் என்று மரத்தை வெட்டச் சொல்கிறார்கள்.

வெட்ட விடாதீர்கள். அவை பழந்தின்னிகள், சிறகு விரித்தால் ஒரு மீட்டருக்கும் மேல். பெட்டிக்குள் ஒருநாளும் போகாது, மரம்தான் அவற்றின் வீடு. பூச்சி தின்னும் வௌவால்களைப்போல் தன் ஒலியின் எதிரொலியை நம்பாமல் கண்ணாலும் மோப்பத்தாலும் வழி தேடுபவை. நிபா கிருமி இவ்வினத்தில் இருப்பது உண்மை. அதற்குச் செய்ய வேண்டியவை: கடித்த பழத்தைத் தின்னாதீர்கள், விழுந்துகிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள், தொங்கும் கிளைக்கு நேர் கீழே குழந்தைகளை விளையாட விடாதீர்கள். மரத்தை வெட்டி விரட்டினால் மிரண்டு ஊர் முழுக்கச் சிதறும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் பழந்தின்னி வௌவால்களைக் காகம், எலியோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில், அதாவது கொல்லத் தடையில்லாத உயிர்களின் பட்டியலில், வைத்திருந்தது. 2022 திருத்தம் அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டது. வெட்டச் சொல்பவர்களிடம் இதையும் சொல்லுங்கள், மாநகராட்சியின் மரப் பிரிவுக்கு எழுத்தில் மனுவும் கொடுங்கள்.