அடியில் போட்ட கல்

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை வரலாற்று ஆசிரியரின் பதில்கள்

கேள்வி: பெரு நாட்டின் மச்சு பிச்சு படத்தைப் பார்த்தேன். இரும்பும் வண்டிச் சக்கரமும் இல்லாத மக்கள் அவ்வளவு செங்குத்தான மலையில் படிக்கட்டு வயல்களை எப்படி அமைத்தார்கள்? அவை ஏன் இன்னும் சரியாமல் நிற்கின்றன?
(வாசகி, கந்தப்பளை)

பதில்: உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். என் அப்பா தோட்டத்தில் மழைநீர் வடியும் கான் வெட்டியவர், கல்லுக்கட்டு கட்டியவர். தேயிலை மலையில் புதுக் கட்டு ஒன்று எழுந்தால் எல்லோரும் முகப்புக் கல்லைப் பார்ப்பார்கள். அப்பா மட்டும் மேலே ஏறி, கட்டின் முதுகுப் பக்கம் குனிந்து பார்ப்பார். தண்ணீருக்கு வழி விட்டிருக்கிறார்களா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

மச்சு பிச்சுவைக் கட்டிய இன்காக்களும் அதைத்தான் முதலில் யோசித்திருக்கிறார்கள். 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பச்சகூட்டி என்ற அரசரின் காலத்தில் எழுந்த ஊர் அது. கடல் மட்டத்திலிருந்து 2,430 மீற்றர் உயரம். நம் பிதுருதலாகலை உச்சியைவிட நூறு மீற்றர் அளவில்தான் தாழ்வு. ஆண்டு மழையும் ஏறக்குறைய 1,900 மில்லிமீற்றர், நுவரெலியாவில் பெய்யும் அளவு. இப்படி மழை கொட்டும் சரிவில் மண்ணை வெட்டிச் சமப்படுத்தி முன்னால் ஒரு சுவரை மட்டும் எழுப்பினால் என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த வயல்களைத் தோண்டிப் பார்த்தவர்கள் கண்டது இது. ஆக அடியில் பெரிய கற்கள். அவற்றின் மேல் சரளை. அதற்கு மேல் மணல் கலந்த மண். எல்லாவற்றுக்கும் மேலேதான் சோளம் விளைந்த நல்ல மண். மழைநீர் அங்கே தேங்கி நிற்காது. ஊறி இறங்கி, கற்களுக்கிடையே வடிந்து போய்விடும். சுவர்களும் நேர் செங்குத்தாக நிற்கவில்லை, சற்றே மலைப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. கென்னத் ரைட் என்ற அமெரிக்க நீர்ப் பொறியியலாளர் அந்த ஊரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். நீர் வெளியேற விடப்பட்ட வாய்கள் மட்டும் சுமார் 130 இருப்பதை அவருடைய குழு கண்டது. மொத்தக் கட்டுமான உழைப்பில் ஐந்தில் மூன்று பங்கு நிலத்துக்கு அடியிலேயே போயிருக்கிறது என்பது அவர் கணிப்பு. படத்தில் நீங்கள் பார்த்தது மீதியைத்தான்.

இனி முதல் கேள்வி. இரும்பு இல்லையே தவிர, வெண்கலம் அவர்களிடம் இருந்தது. ஆனாலும் கல்லைப் பொளிந்தது பெரும்பாலும் கல்தான்: கைக்கு அடங்கும் கடினமான உருண்டைக் கற்களால் அடித்து அடித்து உருவம் கொடுத்தார்கள். கருங்கல்லும் தூரத்திலிருந்து வரவில்லை. அந்த மலையிலேயே வெடிப்புவிட்டுக் கிடந்த பாறைகளைப் பிரித்தெடுத்தார்கள்; அந்தக் கற்குவியல் இன்றும் ஊரின் நடுவே கிடக்கிறது. லாமா என்ற விலங்கு 25, 30 கிலோவுக்கு மேல் சுமக்காது. அதனால் பெரிய கல்லெல்லாம் கயிறு கட்டி மனிதர் இழுத்தது.

அந்த மனிதர்கள் மித்தா என்ற முறைவேலைக்கு வந்தவர்கள். வரியைப் பொருளாகச் செலுத்தாமல் குடும்பங்கள் முறைவைத்து உழைப்பாகச் செலுத்தின. வேலைக்கு வந்தவர்களுக்கு அரசு தன் களஞ்சியத்திலிருந்து சோறு போட்டது. 1570களில் ஸ்பானியர் அதே முறையைக் கையில் எடுத்து, பொட்டோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு ஆண்களை ஓட்டிச் சென்றார்கள். இந்தப் பகுதியை வகுப்பில் நடத்திய ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் எழுந்து தங்கள் பாட்டன் பூட்டனைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். நான் தடுத்ததில்லை.

அப்பா கட்டிய கட்டு ஒன்று, அவர் போன பிறகு, ஓர் அடைமழையில் விழுந்தது. நான் போய்ப் பார்த்தேன். கட்டில் பிழை இல்லை. மேலேயிருந்த கான் பல வருடங்களாகத் தூர் எடுக்கப்படாமல் மண்மூடிக் கிடந்தது. மலையில் கான் வெட்டும் வேலையைச் செலவு என்று எண்ணிக் குறைப்பவர்கள் மீது எனக்குள்ள கோபம் இன்றும் ஆறவில்லை.

கேள்வி: தை மாதப் பனியில் என் உருளைக்கிழங்குச் செடிகள் கருகிவிடுகின்றன. உருளைக்கிழங்கு பிறந்த நாட்டில் இதற்கு என்ன செய்தார்கள்?
(விவசாயி, வெலிமடை)

பதில்: பெருவும் பொலிவியாவும் சந்திக்கும் டிட்டிகாக்கா ஏரிக்கரையில், 3,800 மீற்றர் உயரத்தில், மேட்டுப்பாத்திகளை உயர்த்தி இடையிடையே அகலமான வாய்க்கால்களில் நீரை நிறுத்தினார்கள். பகல் வெயிலில் சூடேறும் நீர் இரவில் அந்தச் சூட்டை மெல்ல விடும். பாத்தியின் மேல் காற்று அவ்வளவாகக் குளிர்வதில்லை. வாய்க்காலில் படியும் சேற்றை அள்ளிப் பாத்தியில் போட்டால் அதுவே பசளை. கைவிடப்பட்டுக் கிடந்த இந்தப் பாத்திகளை 1980களில் ஆய்வாளர்களும் உள்ளூர் விவசாயிகளும் சேர்ந்து மீண்டும் அமைத்தபோது நல்ல விளைச்சல் கிடைத்தது. பனியை அவர்கள் வேலையும் வாங்கினார்கள்: கிழங்கை இரவில் உறைய விட்டு, பகலில் மிதித்து நீரைப் பிழிந்து, காயவைத்துப் பல ஆண்டுகள் சேமித்தார்கள். அதற்குச் சுன்யோ என்று பெயர்.

உங்கள் நிலம் பள்ளத்துச் சமதரை என்றால் ஓரிரு பாத்தியில் முயன்று பாருங்கள். சரிவு நிலம் என்றால் வேண்டாம். அங்கே நீரைத் தேக்குவது ஆபத்து.

கேள்வி: மாயா, அஸ்டெக், இன்கா எல்லோரும் ஒரே இனத்தவரா?
(மாணவர், இராகலை)

பதில்: இல்லை தம்பி. மாயர் குவாத்தமாலா, மெக்சிகோவின் யுகட்டான் பக்கம். அவர்களுடைய பெரிய நகரங்கள் பல 900ஆம் ஆண்டளவில் வெறிச்சோடிவிட்டன. அஸ்டெக்குகள் மெக்சிகோ பள்ளத்தாக்கில் 1325இல் ஏரித் தீவில் தலைநகர் அமைத்தார்கள். இன்காக்கள் தென் அமெரிக்காவில், அந்தீஸ் மலைத்தொடரில். இவர்களுக்கெல்லாம் மிக முந்தியது பெருவின் கரால் நகரம், கி.மு. 2600 அளவில்.

மாயரும் அஸ்டெக்குகளும் சோளத்தையும் போஞ்சியையும் பூசணியையும் ஒரே நிலத்தில் வளர்த்தார்கள். சோளத்தண்டில் போஞ்சி ஏறும், போஞ்சி மண்ணுக்கு உரம் சேர்க்கும், பூசணி இலை நிலத்தை மூடி ஈரத்தைக் காக்கும். உங்கள் லயத்துத் தோட்டத்திலும் செய்து பார்க்கலாம். சோளம் ஒரு சாண் உயர்ந்த பிறகே போஞ்சி விதையை ஊன்றுங்கள்; முந்தினால் கொடி சோளத்தை அமுக்கிவிடும்.