களத்துச் சூட்டில் வெந்த கால்: நாய்க்கு பூட்ஸ் வாங்கலாமா?

கேள்வி: கொடுமுடிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். மூன்று வயது லேப்ரடார் வளர்க்கிறோம், பெயர் மணி. நான்கு நாளைக்கு முன்னால் உச்சி வெயிலில், மஞ்சள் காயப்போட்ட சிமெண்டுக் களத்தில் மயிலை விரட்டிக்கொண்டு பத்து நிமிடம் ஓடியது. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலையில் நொண்டியது. முன்னங்கால் இரண்டிலும் அடித்தோல் உரிந்து சிவப்பாகத் தெரிகிறது, எந்நேரமும் நக்குகிறது. மாமியார் மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசியிருக்கிறார். கடையில் நாய்க்கு பூட்ஸ் விற்கிறார்களே, வாங்கிப் போடட்டுமா டாக்டர்?

பதில்: பூட்ஸைப் பிறகு பார்ப்போம் அம்மா. இரண்டு காலிலும் தோல் உரிந்து நான்கு நாள் ஆகிவிட்டது என்றால், இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் மணியை வண்டியில் ஏற்றி உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். நடத்திக் கூட்டிப் போக வேண்டாம்.

அன்றைக்கு ஒன்றும் தெரியாமல் மறுநாள் நொண்டியதில் ஆச்சரியம் இல்லை. நாயின் உள்ளங்கால் மெத்தை வெளியே தடித்த தோல், உள்ளே கொழுப்பு. சூட்டில் மேல்தோல் வெந்து அடியிலிருந்து விட்டுப்போனாலும், உடனே உரிந்து விழாது. மயிலைப் பார்த்த நாய்க்கு வலியும் உறைக்காது. சூடேறிய சொரசொரப்பான சிமெண்டில் சடாரென்று திரும்பித் திரும்பி ஓடும்போது தோல் பிய்ந்துகொள்கிறது. சும்மா நடந்த நாயைவிட ஓடி விளையாடிய நாய்க்குத்தான் இப்படிப் பெரிதாக உரியும்.

அடுத்தது மஞ்சள். கொடுமுடிக்காரர்களிடம் மஞ்சளுக்கு எதிராகப் பேசத் தைரியம் வேண்டும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். திறந்த புண்ணில் அப்பிய மஞ்சள்பொடி கட்டியாகி, மண்ணையும் முடியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். புண் எந்த நிறத்தில் இருக்கிறது, சீழ் வைத்திருக்கிறதா என்று பார்க்க முடியாமல் எங்கள் கண்ணையும் மறைக்கும். எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டும். நாய் இன்னும் ஆசையாக நக்கும். மாமியாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், என் அம்மாவும் இதையேதான் செய்வார்.

மருந்தகம் போகும்வரை செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, ஒன்றரை டீஸ்பூன் உப்பு கலந்து, அதை ஊற்றி ஊற்றிக் காலைக் கழுவுங்கள். விரல் இடுக்கையும் சேர்த்துச் சுத்தத் துணியால் ஒற்றி எடுங்கள். தொங்குகிற தோலைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள், அது எங்கள் வேலை. கழுவும்போதே விரல் இடுக்கில் உண்ணி இருக்கிறதா, வேலமுள்ளோ நெருஞ்சியோ ஏறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கோடையில் காலை நக்கும் நாய்க்கெல்லாம் சூட்டுப் புண் என்று எண்ணிவிடக் கூடாது. என்னிடம் வருகிறவற்றில் பல, உண்ணிக் கடியோ முள்ளோதான்.

வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலோ டைக்ளோஃபினாக்கோ கொடுத்துவிடாதீர்கள். நமக்கு ஒத்துக்கொள்ளும் மாத்திரை நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கும். நாய்க்கென்று வலி மருந்து இருக்கிறது. எடை பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

எனக்கு இதில் பெரிய பயம் ஈ. திறந்த புண்ணில் ஈ உட்கார்ந்தால் ஒன்றிரண்டு நாளில் புழு வைத்துவிடும். நாற்றம் அடித்தாலோ, புண்ணில் சிறு சிறு துளை தெரிந்தாலோ ஒரு வேளைகூடத் தள்ளிப் போடாதீர்கள். கற்பூரத்தைப் பொடித்து வைக்கச் சொல்வார்கள். அதை நக்கி நாய்க்கு வலிப்பே வந்துவிடலாம். கட்டுப் போட்டு அனுப்பினால் கட்டு நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நனைந்த கட்டு, கட்டே இல்லாததைவிட மோசம். நடு விரல்கள் வெளியே தெரியும்படி கட்டச் சொல்லுங்கள். விரல் வீங்கினால் கட்டு இறுக்கம் என்று தெரிந்துவிடும். நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டச் சொன்னால், பாவம் என்று கழற்றிவிடாதீர்கள். மேலோட்டமாக உரிந்திருந்தால் பத்து நாளில் ஆறும். ஆழமாக இருந்தால் பல வாரம் இழுக்கும். ரொம்ப ஆழம் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

இனிமேல் இப்படி நடந்தால் அந்த நிமிடமே நிழலுக்குத் தூக்கிப் போய், சாதாரணக் குழாய்த் தண்ணீரைப் பத்து இருபது நிமிடம் காலில் ஓட விடுங்கள். ஐஸ் வேண்டாம்.

இனி பூட்ஸ். எனக்கு அதில் பெரிய மோகம் இல்லை. நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் முக்கியமாக இருப்பதே உள்ளங்காலில்தான். ரப்பரில் மூடி மணிக்கணக்கில் வைத்தால் உள்ளே வெந்து, வியர்த்து, விரல் இடுக்கில் புண் வரும். வெயிலில் ரோட்டைக் கடந்தே ஆக வேண்டிய நாய்க்கு, தடித்த அடி உள்ள பூட்ஸை அந்தக் கொஞ்ச நேரத்துக்குப் போட்டுக் கழற்றலாம். குழந்தை சாக்ஸ் சூட்டைத் தடுக்காது. மணிக்கு இப்போது புண் இருக்கிறது, பூட்ஸ் கூடவே கூடாது.

தோட்டத்து நாய்க்கு மாற்ற வேண்டியது காலில் போடுவதை அல்ல, வெளியே விடும் நேரத்தை. காற்றின் சூடு 25 டிகிரி இருக்கும்போதே நேர் வெயிலில் கிடக்கும் தார் 50 டிகிரியைத் தொடும். 31 டிகிரிக்கு 60 ஆகும். ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் சித்திரையில் 40ஐத் தாண்டும்போது என்னவாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சிமெண்டுக் களம் தாரைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். கோயம்புத்தூர், பொள்ளாச்சிக்காரர்கள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிறதே என்று மத்தியானத்திலும் நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். காற்று நம் முகத்தில் படுகிறது, ரோடு கொதித்துக்கொண்டேதான் இருக்கிறது. செருப்புப் போட்ட நமக்கு அது தெரிவதில்லை, நாயும் நாம் போகிற வழியிலேயே பேசாமல் வந்துவிடுகிறது.

கிளம்பும் முன் புறங்கையைத் தரையில் வைத்து ஏழு வரை எண்ணுங்கள். வைக்க முடியவில்லை என்றால் நாயைக் கூட்டிப் போகாதீர்கள். பொழுதோட ஆறு மணிக்குக் கூட்டிப் போகிறேன் என்பவர்களும் தொட்டுப் பார்க்க வேண்டும். பகலெல்லாம் குடித்த சூட்டைத் தார் இருட்டிய பிறகும் கக்கும். விடியக்காலம்தான் நல்லது, அதுவும் மண் தடமாகப் பார்த்து. வாய்க்காலில் குளித்துவிட்டு வரும் நாயை நேராகத் தார் ரோட்டில் ஏற்றாதீர்கள், ஊறிய பாதம் சீக்கிரம் கிழியும். டெம்போவின் இரும்புத் தளத்தில் நிற்க வைப்பதாக இருந்தால் சாக்கை இரண்டாக மடித்து நனைத்து விரியுங்கள்.

ஒன்று மட்டும் கால் புண்ணைவிட அவசரம். வெயிலில் ஓடிவந்த நாய் மூச்சு வாங்கி எச்சில் கொட்டி, ஈறு கடும் சிவப்பாகி, தள்ளாடினால் அது உடம்பு சூடு தலைக்கேறியது. நாய்க்கு இயல்பான சூடு 38 முதல் 39 டிகிரி வரை. 41க்குப் போனால் உயிருக்கே ஆபத்து. உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, காற்றாடிக்கு முன்னால் வைத்து நனைத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

மணிக்குப் புதுத் தோல் வந்து கெட்டிப்படும்வரை, களத்தில் மஞ்சள் இருக்கும் பகலெல்லாம் வேப்ப மரத்தடியில் கட்டிப் போடுங்கள். நிழல் நகர நகரக் கயிற்றையும் நகர்த்த ஆள் வேண்டும். மயில் வந்தால் கொஞ்ச நாளைக்கு நீங்களே விரட்டிக்கொள்ளுங்கள்.